தென்னை ஏற எது நல்லது: தளைக்கயிறா, கருவியா?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தயங்கி நிற்கும் இடம் இது. தளைக்கயிறு என்பது கால்களில் மாட்டிக்கொண்டு ஏறும் கயிற்று வளையம்; கருவி என்பது கம்பிவடத்தால் மரத்தைப் பற்றிக்கொள்ளும், மிதித்து ஏறும் இரும்புச் சாதனம்.

செலவு: தளைக்கயிறுக்குச் செலவே இல்லை எனலாம். கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும்.

பழக்கம்: தளை கைவர மாதக்கணக்கில் ஆகும். கருவியில் ஏற, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் ஆறே நாளில் கற்றுத் தருகிறார்கள்.

உடம்பு: தளையில் நெஞ்சும் உள்ளங்காலும் மரத்தில் உரசிக் காய்த்துப்போகும். கருவியில் அந்த உரசல் இல்லை.

வேகம்: கருவிக்காரர் ஒவ்வொரு மரத்திலும் கம்பிவடத்தை மாட்டிக் கழற்ற வேண்டும், தளைக்காரர் அதற்குள் பாதி மரம் ஏறியிருப்பார். கோணல் மரங்களிலும் தளைதான் எளிது.

பாதுகாப்பில் மட்டும் ஏமாறாதீர்கள். கருவி காலைத் தாங்கும்; கை நழுவினால் உடம்பைத் தாங்காது. கொண்டையை, அதாவது மட்டைகள் விரியும் உச்சியை, எட்டியதும் காய்ந்த மட்டையைப் பிடிக்கவே கூடாது, அடியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இடுப்பு பெல்ட்டின் கயிற்றைத் தண்டைச் சுற்றி மாட்டிய பிறகே அரிவாளை எடுங்கள். கழிக்க வேண்டியதும் காய்ந்த மட்டைகளைத்தான். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்புக் குறையும்.

சொந்தத் தோப்பில் ஏறுகிறவர்களுக்கும், பெண்களுக்கும், நடுவயதில் தொடங்குகிறவர்களுக்கும் பெல்ட்டுடன் கருவியைத்தான் சொல்வேன். சிறுவயது முதல் தளையில் ஏறிப் பழகியவர் அதையே தொடரலாம், பெல்ட்டைச் சேர்த்துக்கொண்டு.