ட்ரூநாட்: இரண்டாவது சிப் கையிருப்பில் இருந்தால் நல்ல கருவி

சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கும் சிறு கருவி ட்ரூநாட். கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் தயாரிப்பு இது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பேட்டரியில் ஓடும், ஏசி அறை கேட்காது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை வரைக்கும் வர முடிந்த மூலக்கூறுப் பரிசோதனை இது. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை முன்கூட்டியே பிடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவியில் செருகும் முதல் சோதனைச் சிப், கிருமி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்று பார்க்கத் தனிச் சிப். இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான சிபிநாட் இயந்திரத்தில் இரண்டு பதிலும் ஒரே கார்ட்ரிட்ஜில் வந்துவிடும்.

வேலை இரண்டு பெட்டியில் நடக்கிறது. ட்ரூப்ரெப் சளியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும், ட்ரூலேப் அதைப் பெருக்கிப் பார்க்கும். சளி டப்பாவில் இரண்டு சொட்டு இளக்கும் திரவம் விட்டுச் சுழற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு அரை மில்லி எடுத்து கிருமியை உடைக்கும் லைசிஸ் திரவப் பாட்டிலில் சேர்த்து, மறுபடி இரண்டு சொட்டு விட்டு மூன்று நிமிடம். சளி இன்னும் நூல் இழுத்தால் அவசரப்படாதீர்கள்; கெட்டியான சளி ட்ரூப்ரெப்பின் கார்ட்ரிட்ஜை அடைத்து ஓட்டத்தையே பாழாக்கும். பிரித்தெடுக்க ஏறக்குறைய 20 நிமிடம். கிடைக்கும் திரவத்தில் 6 மைக்ரோலிட்டரை உலர்பொடி இருக்கும் சிறு குழாயில் விட்டு, பொடி முழுவதும் கரையும் வரை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பொறுத்து, அங்கிருந்து 6 மைக்ரோலிட்டரைச் சிப்பின் குழியில் இட வேண்டும்.

தவறுகள் பெரும்பாலும் இந்தக் கடைசி அடியில்தான். குமிழி விழுந்தாலோ, அளவு குறைந்தாலோ, குழியை விரல் தொட்டாலோ 'இன்வாலிட்' (செல்லாது) என்று வரும். கூட வரும் 6 மைக்ரோலிட்டர் பிப்பெட்டைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர் டிப். சிப்பை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். கருவிக்கு ஏசி வேண்டாம் என்பதைச் சிப்புக்கும் சேர்த்துப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழ் அலமாரியில் அடுக்கினால் கணக்குத் தப்பும்.

முதல் சிப் பாசிட்டிவ் என்றால் அதே திரவத்திலிருந்து இன்னொரு 6 மைக்ரோலிட்டர் எடுத்து ரிஃபாம்பிசின் சிப்பை ஓட்டலாம். புதுச் சளி தேவையில்லை, கூடுதலாக ஒரு மணி நேரம் போதும். ஆகவே நோயாளி வீடு திரும்புவதற்குள் இரண்டு விடையும் தரலாம். ரிஃப் சிப் ஸ்டாக் இல்லாத மையத்தில் இந்தக் கருவி வெறும் காசநோய் கண்டுபிடிப்பான்தான்: நோயாளிக்கு வழக்கமான மாத்திரை தொடங்கிவிடும், கேட்காத மருந்தைச் சாப்பிட்டபடி வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். கிருமி மிகக் குறைவாக இருந்தால் ரிஃப் சிப் 'இன்டிடெர்மினேட்' (சொல்ல முடியவில்லை) என்று கைவிரிக்கும். அப்போது புதுச் சளி வாங்கித் திரும்ப ஓட்டுங்கள். அதை 'எதிர்ப்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவது ஆபத்து.

எண்ணிக்கையில் இதன் பலவீனம் ட்ரூப்ரெப். ஒரு நேரத்தில் ஒரு சளி மட்டும். நான்கு சிப் ஓட்டும் குவாட்ரோ மாடல் வாங்கினாலும், ஒரே ஒரு ட்ரூப்ரெப் இருந்தால் வரிசை அங்கேயே நிற்கும். அதிகம் பேர் வரும் மாவட்ட மருத்துவமனைக்குச் சிபிநாட் வசதி: சளி ஒரு பங்கு, கரைப்பான் இரண்டு பங்கு, நன்றாகக் குலுக்கி 15 நிமிடம், 2 மில்லி கார்ட்ரிட்ஜில், அவ்வளவுதான். ஆனால் மின்சாரம் நின்றால் ஓட்டம் போச்சு. யுபிஎஸ்ஸும் குளிர்ந்த, தூசியில்லாத அறையும் வேண்டும். சிபிநாட் தயாரிக்கும் செஃபிட் நிறுவனம் அதன் 'அல்ட்ரா' வகைக் கார்ட்ரிட்ஜ் விலையை 2023-ல் 7.97 டாலராகக் குறைத்தது.

இன்னொரு முக்கிய மருந்தான ஐசோநியாசிட் மட்டும் கேட்காத நோயாளிகள் இந்த இரண்டிலும் தப்பிவிடுவார்கள். ரிஃபாம்பிசின் கேட்கிறது என்று வந்தவரின் சளியையும் மருந்து எதிர்ப்பைக் கிருமியின் மரபணுவில் தேடும் எல்பிஏ பரிசோதனைக்கு அனுப்புவது அதற்காகத்தான். ரிஃபாம்பிசின் கேட்கவில்லை என்று வந்தால், ஆறு மாத பிபால்எம் என்ற நான்கு மருந்துச் சிகிச்சையில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் இருப்பதால், அது சேர்ந்த ஃப்ளோரோகுவினலோன் மருந்து வகைக்கு எதிர்ப்பு உண்டா என்றும் பார்த்தாக வேண்டும். சிகிச்சை பலிக்கிறதா என்று இடையில் பார்க்க இரண்டு கருவியும் உதவாது. செத்த கிருமியின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டும், அதற்கு ஸ்மியரும் (நுண்ணோக்கியில் பார்ப்பது) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது)தான்.

எந்த இயந்திரமாக இருந்தாலும் எச்சிலைக் கொடுத்தால் எச்சிலுக்குத்தான் ரிசல்ட். வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த 2 முதல் 5 மில்லி சளி வேண்டும். நுரைத்த தண்ணீராக இருந்தால் டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள், சிப்பைப் பிரிக்காதீர்கள்.