குலா: ஜமாஅத்தா, குடும்ப நீதிமன்றமா?

தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் பெண் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) மூலம் கணவனைப் பிரிய முடிவெடுத்துவிட்டால், முதலில் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குத்தான் போகச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. செலவு குறைவு. இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். மஹரை (திருமணத்தில் கணவன் தந்த மணக்கொடையை) திருப்பித் தர அவள் சம்மதித்து, கணவனும் ஒப்புக்கொண்டால் குலா முடிந்தது. இத்தா (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்க வேண்டிய காலம்) கழிந்து மறுமணம் என்று வரும்போது, அடுத்த ஊர் ஜமாஅத் கேட்பதும் இந்த ஜமாஅத்தின் கடிதத்தைத்தான்.

கணவன் ஒப்புக்கொள்ளாவிட்டால்? அவனை வரவழைக்கக்கூட ஜமாஅத்துக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. பேசி முடிவெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஆண்களே இருப்பார்கள். கையில் கிடைக்கும் கடிதமும் அரசு அலுவலகத்தில் எடுபடாது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஷரீஅத் கவுன்சில் (மார்க்கச் சட்டப்படி தீர்வு சொல்லும் தனியார் அமைப்பு) கொடுத்த குலா சான்றிதழை ரத்து செய்தது. குலா கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு, அதற்குக் குடும்ப நீதிமன்றம் போக வேண்டும், தனியார் அமைப்பு சான்று தர முடியாது என்றது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமோ, நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் குலாவையும் ஏற்றிருந்தது. எல்லை தாண்டினால் சட்டமும் மாறுகிறது.

நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாதான், மறுக்கவில்லை. ஆனால் கணவன் தலைமறைவானாலும் வழக்கு நடக்கும். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டப்படி அவன் நான்கு ஆண்டுகள் காணாமல் போனாலோ, இரண்டு ஆண்டுகள் பராமரிக்காவிட்டாலோ, கொடுமைப்படுத்தினாலோ விவாகரத்து கேட்கலாம். ஜீவனாம்சமும் கேட்கலாம், அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2024-ல் மீண்டும் உறுதிசெய்தது.

"கோர்ட் தீர்ப்பு மார்க்கத்தில் செல்லாது" என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அந்த 1939 சட்டத்துக்கு வழி திறந்ததே ஆலிம்கள்தான், அதாவது மார்க்க அறிஞர்கள்தான். ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு) கணவனைப் பிரிய வழியில்லாமல் தவித்த பெண்களுக்காக, மாலிகி மத்ஹபின் தீர்வை எடுக்கலாம் என்று மவ்லானா அஷ்ரஃப் அலி தானவி எழுதினார். முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று அதன் மசோதாவில் இருந்த பிரிவு நீக்கப்பட்டதில்தான் ஆலிம்களுக்கு மனத்தாங்கல். அது இன்றும் ஆறவில்லை.

என் கருத்து இதுதான். இருவரும் ஒத்துப்போனால் ஜமாஅத்திலேயே குலாவை முடியுங்கள். நகை, மஹர், பிள்ளைகள் யாரிடம் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பிறகு அதை வைத்துக் குடும்ப நீதிமன்றத்தை அணுகுங்கள். கணவன் இழுத்தடித்தால் ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் நேராக வழக்குப் போடுங்கள். தீர்ப்பு வந்ததும் அதை நிக்காஹ் தஃப்தரில் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில்) பதிந்து, மறுமணத்துக்கான கடிதத்தைத் தாமதிக்காமல் தர வேண்டியது ஜமாஅத்தின் கடமை.