தாப்பா பக்கம் பிரேக் பார்க்க நல்ல பட்டறை

பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று சோதித்துப் பார்க்கும் போர்மேன் (மெக்கானிக்) கிடைப்பது இப்போது கஷ்டம். தாப்பா டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலையில் இருக்கும் இந்தப் பட்டறையில் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. லோரி டயர் அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டகை என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

என் பழைய புரோட்டான் சாகா காரில் பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனது, டேங்கில் பிரேக் எண்ணெயும் குறைந்துகொண்டு வந்தது. வேறொரு இடத்தில் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்த கையோடு மாஸ்டர் பம்ப் (பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) போச்சு என்று விலை சொல்லிவிட்டார்கள். இங்கே அண்ணன், "அதுவாகவும் இருக்கலாம் தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார், அவ்வளவுதான்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்து, அப்படியே மிதித்த கால் எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பெடல் லேசாக இறங்கியது, சரி, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. அப்புறம் மாஸ்டர் பம்பை பூஸ்டரிலிருந்து கழற்றி முன்னால் இழுத்து, பின்பக்கம் விரல் விட்டுத் துடைத்துக் காட்டினார். ஈரமே இல்லை. (அங்கே கசிந்தால் எண்ணெய் பூஸ்டருக்குள் போய்விடும், வெளியில் ஒரு சொட்டுகூடத் தெரியாது.) பம்பைத் திரும்ப மாட்டிய பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம்: உருண்டை வாய் வைத்த கிளாம்பால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் ரப்பர் ஹோஸை மாற்றி மாற்றி இறுக்கி, "இப்ப மிதி" என்றார். பின் இடது பக்கம் இறுக்கியதும் பெடல் கல் மாதிரி நின்றது. மாஸ்டர் பம்ப் பிரஷரைத் தாங்குகிறது, கோளாறு அந்தச் சக்கரத்தில். டிரம்மைக் கழற்றி, உள்ளே லைனிங்கைத் தள்ளும் வீல் பம்பின் ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பியதும் எண்ணெய் வழிந்தது. டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் முழுக்க ஊறிக் கறுத்துக் கிடந்தது.

ஊறின லைனிங்கைக் கழுவித் திரும்பப் போடும் ஆட்களும் இருக்கிறார்கள், அப்புறம் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இவர் பின்னால் இரண்டு பக்கமும் வீல் பம்ப், லைனிங் இரண்டையும் மாற்றினார். மாஸ்டர் பம்ப் விலையோடு பார்த்தால் எனக்கு நல்ல மிச்சம். சோதித்ததற்குத் தனிக் கூலி வாங்குகிறார், தாராளமாகக் கொடுக்கலாம்.

பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதிலும் அவசரம் கிடையாது. கையாள் பையன் பெடலை மிதித்துப் பிடிக்க, எண்ணெயைத் திறந்துவிடும் நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் குழாய் வழியாகக் குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வரும் வரைக்கும் நாலு சக்கரத்திலும் எடுத்தார். வந்த பழசு தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும்: டாட் 3 தர எண்ணெய் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து தாப்பா வரைக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும், எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொட்டுவிடும். இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று அவரும் சொல்கிறார், யார் கேட்கிறார்கள். கடைசியில் தோட்டத்து உள்சாலையில் ஓட்டி, இரண்டு மூன்று தடவை கடுமையாகப் பிரேக் அடித்துப் பார்த்தார், வண்டி நேராக நின்றது. திரும்பி வந்து நிப்பிள்களை டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தார்.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, போன் எடுக்க மாட்டார், கேட்டால்தான் ரசீது. ஒரு வண்டியை முடிக்காமல் அடுத்ததைத் தொட மாட்டார், காலையில் விட்டால் சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள சில வண்டிகளுக்குக் காற்று எடுக்க, வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் வேண்டும், அது இவரிடம் இல்லை. அந்த மாதிரி வண்டியை ஈப்போவுக்குக் கொண்டு போங்கள் என்று அவரே அனுப்பிவிடுவார். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை தோட்டத்து லோரிகள் வரிசை கட்டி நிற்கும், அதனால் வார நாளில் போவது நல்லது.