கண்குழிக் கட்டி ஆபரேஷனா? பில்லில் இருக்கும் சோதனை ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்

கடலூர், பாண்டிப் பக்கம் யாராவது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கட்டிக்கு ஆபரேஷன் செய்யப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. கடலூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, அவ்வளவுதான்.

அக்கா வீட்டுக்காரருக்கு வலது கண் மெல்ல மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. வலி கிடையாது, சிவப்பும் கிடையாது. முதலில் தைராய்டாக இருக்கும் என்றார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்குக் கண் பிதுங்கினால், அது ஒரு கண்ணாகவே இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது தைராய்டைத்தான். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. சிடி ஸ்கேனில் கண்ணுக்குப் பின்னால் உருண்டையாக ஒரு கட்டி தெரிந்தது. "சாதா ரத்தக்குழாய்க் கட்டி மாதிரிதான் இருக்கு, எடுத்துடலாம்" என்றார் டாக்டர். அதுவும் நியாயமான ஊகம்தான். பெரியவர்களின் கண்குழியில் அந்த வகைதான் அடிக்கடி வரும்.

கோளாறு எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் தாளில் 'சாதாரணக் கட்டி, முழுவதும் அகற்றப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டால், "ஃபைல்ல இருக்கு சார், எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பில்லில் மட்டும் 'பயாப்ஸி', 'ஐஎச்சி மார்க்கர்' (செல்லில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கிறதா என்று தனிச் சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை) என்று இரண்டு வரி தனித்தனியாக இருந்தது. இரண்டுக்கும் பணம் கட்டினோம்.

அடுத்த வருஷமே கண் மறுபடி தள்ள ஆரம்பித்தது. பாண்டியில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேனைக்கூடக் கையில் வாங்கவில்லை, முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். அதை வாங்குவதற்குள் படாத பாடு பட்டோம். சிஸ்டத்தில் இல்லை, டாக்டர் லீவு, லேபில் கேளுங்கள் என்று இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து நெறிமுறை விதியிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் ஜெராக்ஸ் வந்தது.

ஒரே ஒரு பக்கம். சதை துண்டு துண்டாக வந்து சேர்ந்தது என்று மேலே எழுதியிருக்கிறது. நடுவில் 'ஸ்பிண்டில் செல் கட்டி', அதாவது நீளநீளமான செல்கள் கொண்ட கட்டி. கடைசி வரி: 'வகையை உறுதிசெய்ய மார்க்கர் சோதனை தேவை.' லேப் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. சோதனையைச் செய்யச் சொல்லி யாரும் அனுப்பவே இல்லை. பணம் மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

இது ஏதோ சின்ன பில் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். கண்குழியின் மென்திசுவில் வரும் பல அபூர்வக் கட்டிகள் சாதாரணச் சாயத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். நரம்பு உறைக் கட்டியா, நார்த்திசுக் கட்டியா என்று பிரித்துக் காட்டுவது மார்க்கர்தான். எஸ்100 என்ற மார்க்கரின் சாயம் பலமாகப் பிடித்தால் நரம்புப் பக்கம் யோசிப்பார்கள். சிடி34 மட்டும் பிடித்தால் போதாது, அது பல கட்டிகளில் பிடிக்கும். செல்லின் கருவுக்குள் ஸ்டாட்6 பிடித்தால் சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்ற அபூர்வமான நார்த்திசுக் கட்டி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இந்தக் கட்டிக்குக் காரணமான என்ஏபி2-ஸ்டாட்6 மரபணு இணைப்பைக் கண்டுபிடித்ததே 2013-ல்தான். அதற்கு முன்பு இதே கட்டிக்கு ஹீமாஞ்சியோபெரிசைட்டோமா என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள்.

மாமாவுக்கு அதுதான். அந்தப் பழைய சதையை வைத்தே கண்டுபிடித்தார்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் நம்பர் எழுதியிருக்கும். பிளாக் என்பது இதைத்தான். வருஷக்கணக்கில் கெடாது. ஸ்லைடோடு இதையும் எழுதிக் கேட்டு வாங்கி வேறு இடத்தில் காட்டலாம். ரிப்போர்ட் நம்பரும் பிளாக் நம்பரும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டியை உடைக்காமல் உறையோடு முழுசாக எடுக்க வேண்டுமாம். துண்டு துண்டாக எடுத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். பல வருஷம் கழித்துக்கூட வரும் என்பதால் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். 'சாதாரணக் கட்டி' என்று சொல்லி அனுப்பியதால் எங்களுக்கு அந்தக் கண்காணிப்பும் இல்லாமல் போனது. இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ எடுத்து, கண் நரம்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வழியில் போனார்கள். பார்வை போகாமல் தப்பியது. மேலே பார்த்தால் மட்டும் இரண்டாகத் தெரிகிறது.

குழந்தைகள் விஷயம் வேறு. சில நாட்களிலோ வாரங்களிலோ கண் வேகமாகப் பிதுங்கினால், கண்கட்டி, இன்ஃபெக்ஷன் என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ராப்டோமயோசார்கோமா என்ற புற்றுநோயும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அன்றைக்கே ஜிப்மர் மாதிரி பெரிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சீக்கிரம் பயாப்ஸி செய்து மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

மார்க்கர் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்று அந்த மருத்துவமனையிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. "அந்தப் பேப்பரை முதல்ல வாட்ஸப்ல அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். இன்றுவரை அனுப்பவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். அதற்கு இரண்டு வருஷம்தான் கெடு. பில், ரிப்போர்ட், சீல் வைத்த நகல் மூன்றும் இருந்ததால்தான் வக்கீலே கேஸை எடுத்தார்.