அப்டேட்டுக்குப் பிறகு நெட் போனால்: அன்டிவைரஸ் தொகுப்புகளின் நீண்டகாலப் பாவனை அனுபவம்

இது ஐந்து முதல் பதினைந்து கணினிகள் உள்ள அலுவலகங்களுக்கான பகிர்வு. கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: விண்டோஸ் 10 அல்லது 11, ஒரு ஃபைபர் ரவுட்டர், எல்லோரும் பாவிக்கும் ஒரு பகிர்ந்த கோப்புறை, நெட்வேர்க்கில் ஓரிரு பிரின்டர், கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு கணினி. அதற்கு மேல் யாரோ ஒருவர் வருடக் கட்டணம் கட்டி வாங்கிப் போட்ட அன்டிவைரஸ். வைரஸ் பிடிப்பதில் பெயர்பெற்ற தொகுப்புகளுக்கிடையே இந்த அளவு அலுவலகம் உணரக்கூடிய வித்தியாசம் பெரிதாக இல்லை. வித்தியாசம் தெரிவது அப்டேட் இறங்கிய மறுநாள் காலையில், வைஃபை இணைந்திருந்தும் எந்தத் தளமும் திறக்காமல் நிற்கும்போதுதான்.

அப்டேட் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே இரண்டு வகை உண்டு. ஒன்று வைரஸ் அடையாளத் தரவு. ஒரு நாளில் பல தடவை சின்னச் சின்னதாக இறங்கும், ரீஸ்டார்ட் கேட்காது. மற்றது நிரலின் பதிப்பே மாறுவது. இதில் நெட்வேர்க் வடிகட்டும் டிரைவரும் (விண்டோஸுக்குள் ஆழமாக ஓடும் சிறு நிரல்) மாறும், ரீஸ்டார்ட் கேட்கும். நெட் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டாவதால் வருபவை. முதலாவது வகை அரிதாகவே நெட்டைக் கெடுக்கும்; ஆனால் கெடுத்தால் ஊரெல்லாம் கெடும். 2010 ஏப்ரல் 21இல் மெக்அஃபி அன்டிவைரஸின் 5958 என்ற தரவுக் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பி சேர்விஸ் பெக் 3இல் உள்ள எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. நெட்வேர்க் சேவைகள் பலவும் அந்தக் கோப்பின் வழியாகத்தான் ஓடுகின்றன. அது போனதும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின, நெட்டும் போனது. திருத்தம் வெளிவந்த பிறகும் அதை இறக்க அந்தக் கணினியில் நெட் இல்லை. ஆள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

கொழும்பு அலுவலகங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணம் இதுதான். மற்றதையெல்லாம் விட இதற்கு முதலிடம் கொடுக்கலாம். மாலையில் எல்லோரும் ஷட்டவுன் செய்துவிட்டுப் போவார்கள், காலையில் ஒன் செய்வார்கள். ரீஸ்டார்ட்டை யாரும் தொடுவதில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழுமையான நிறுத்தம் அல்ல. கேர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டு, காலையில் அப்படியே மீளும். அன்டிவைரஸ் 'ரீஸ்டார்ட் தேவை' என்று மூலையில் காட்டிய அறிவித்தலை யாராவது மூடியிருந்தால், புதிய நிரல் கோப்புகளும் பழைய டிரைவரும் சேர்ந்து நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நெட் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது, வேகம் குறையும், பிரின்டர் மட்டும் காணாமல் போகும்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டார்ட்' என்பதையே தெரிவுசெய்து ஒரு தடவை பாருங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுமையாக நிற்கும். நிரந்தரமாக மாற்ற விரும்பினால், கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கம், அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பின் சரி அடையாளத்தை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி உள்ள கணினியில் சில விநாடிகள்தான் கூடும். அலுவலகக் கணினியில் இதை எடுத்துவிடுவதே எங்கள் பரிந்துரை.

குற்றவாளி யார் என்று பிரிப்பது

அதே வைஃபையில் உள்ள போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்தாமல் பார்த்தால் போன் சத்தமில்லாமல் 4ஜிக்கு மாறிவிடும், சோதனை வீண். போனிலும் திறக்கவில்லை என்றால் அது உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கு, எஸ்எல்டியின் 1212க்கோ டயலொக்கின் 1777க்கோ போக வேண்டிய விஷயம். அன்டிவைரஸைக் குடைய வேண்டாம். போனில் திறந்து கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால் மேலே தொடரலாம்.

கொமாண்ட் ப்ரொம்ப்ட்டில் (கட்டளை தட்டும் சாளரம்) மூன்று பிங். ping என்று தட்டி ஒரு முகவரியைக் கொடுத்தால், அங்கிருந்து பதில் வருகிறதா என்று காட்டும். முதலில் ரவுட்டர் முகவரி: ஃபைபர் ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.1.1. அடுத்து 8.8.8.8 (இணையத்தில் உள்ள கூகிளின் முகவரி). கடைசியாக ஒரு தளத்தின் பெயர். ரவுட்டரே பதில் தரவில்லை, ஐபிகொன்ஃபிக் (ipconfig) கட்டளை காட்டும் கணினியின் முகவரியும் 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்கும் பேச்சுவார்த்தையே தடைப்படுகிறது. ஃபயர்வோல் டிரைவரைச் சந்தேகியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் தடைப்படுகிறது. மூன்றுக்கும் பதில் வந்து பிரவுசர் மட்டும் முரண்டு பிடித்தால், ப்ரொக்ஸி (நெட் போக்குவரத்துக்கு இடையில் நிற்கும் நிரல்) அல்லது கீழே விளக்கும் எச்டிடிபிஎஸ் சோதனை. செட்டிங்ஸில் ப்ரொக்ஸிப் பக்கத்தைத் திறந்து 127.0.0.1 என்ற, இதே கணினியைக் குறிக்கும் முகவரி எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாகக் கழற்றப்பட்ட தொகுப்புகள் விட்டுப்போகும் எச்சம் அது. அங்கே கேட்க ஆளில்லாததால் பிரவுசர் காத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. எல்லாத் தளமும் திறக்கும், ஆனால் பணிப்பட்டையில் 'இணையம் இல்லை' என்ற உலக உருண்டை. விண்டோஸ் தன் பாட்டில் மைக்ரோசொஃப்டின் ஒரு சோதனைப் பக்கத்தைக் கேட்டுப் பார்த்துத்தான் அந்தச் சின்னத்தைப் போடுகிறது. வடிகட்டி அந்த ஒரு பக்கத்தை மறித்தாலும் உருண்டை வந்துவிடும். சின்னம்தானே என்று விடவும் முடியாது. அதை நம்பி அவுட்லுக் போன்றவை இணைய மறுப்பதுண்டு.

கணினியின் திகதியையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய மதர்போர்ட்டில் சிஆர்2032 பெற்றரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் திகதி பின்னுக்குப் போய்விடும். எல்லாத் தளமும் சான்றிதழ்ப் பிழை காட்டும், லைசன்ஸும் குழம்பும், பழி அன்டிவைரஸ் மேல் விழும்.

'பாதுகாப்பை நிறுத்து' ஏன் போதாது

பெரும்பாலானோர் செய்யும் சோதனை, மூலையில் உள்ள சின்னத்தை அழுத்திப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது. அப்போதும் நெட் வரவில்லை என்றால் 'அன்டிவைரஸ் இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு பிழை. அந்தப் பொத்தான் நிறுத்துவது பெரும்பாலும் சோதிக்கும் வேலையை மட்டுமே. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் உள்ள, நெட் போக்குவரத்தை வடிகட்டும் ஃபில்டரிங் பிளட்ஃபோர்ம் என்ற அடுக்கில் அன்டிவைரஸ் பதிந்த விதிகளும், நெட்வேர்க் அடப்டரில் (கணினியை வைஃபையோடோ கேபிளோடோ இணைக்கும் பாகம்) ஒட்டிய டிரைவரும் அங்கேயே இருக்கும். டிரைவர் கெட்டிருந்தால் நிறுத்தினாலும் கெட்டதுதான்.

அடப்டரின் ப்ரொபர்ட்டீஸைத் திறந்தால் ஐபி பதிப்பு 4, 6 என்று ஒரு பட்டியல் வரும். அதில் அன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயரோடு ஒரு வரி இருந்தால், அந்தச் சரியை எடுத்துவிட்டு மீண்டும் பிங் செய்யுங்கள். வேலை செய்தால் விடை கிடைத்துவிட்டது. வரி இல்லாவிட்டால் இன்னொரு வழி: விண்டோஸ் தனக்கு அவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் 'சேஃப் மோட் வித் நெட்வேர்க்கிங்' முறையில் கணினியைத் தொடங்கி, கேபிளைச் செருகிப் பாருங்கள். அங்கே நெட் வந்து சாதாரண முறையில் வரவில்லை என்றால், வெளியிலிருந்து வந்த டிரைவரோ சேவையோதான் காரணம். ஆனால் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் லெப்டொப்பில் சேஃப் மோட் போகும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். 2024 ஜூலை 19இல், கொழும்பு நேரப்படி காலை 9.39க்கு வெளியான கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியபோது, அழிக்க வேண்டியிருந்தது ஒரேயொரு கோப்பு. பல இடங்களில் வேலையை இழுத்தது இந்தச் சாவியைத் தேடியதுதான். மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் அங்கே பார்க்கலாம். இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் செய்து (போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுத்து) சமாளிக்கலாம் என்றும் பலர் நினைப்பார்கள். அது புதிய அடப்டராக வரும், ஆனால் அதே ஃபில்டரிங் பிளட்ஃபோர்ம் வழியாகத்தான் போகும். டெதரிங்கிலும் நெட் இல்லை என்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

பூட்டுச் சின்னத்துக்குள்

நீண்டகாலப் பாவனையில் அதிகம் தொல்லை தருவது எச்டிடிபிஎஸ் சோதனை. மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைத் திறந்து பார்க்க, தொகுப்பு தன் சொந்த மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானது) விண்டோஸில் பதிகிறது. பிறகு நீங்கள் திறக்கும் தளங்களுக்கெல்லாம் அதுவே சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறது. பிரவுசரின் பூட்டுச் சின்னத்தை (குரோமில் இப்போது அந்த இடத்தில் உள்ள வேறு சின்னத்தை) அழுத்திச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே அன்டிவைரஸின் பெயர் இருந்தால் இது நடக்கிறது. பதிப்பு மாறும்போது அந்த மூலச் சான்றிதழ் புதிதாக்கப்பட்டு, அதைப் பிரவுசர் அறியாவிட்டால் தளங்கள் எல்லாம் 'பாதுகாப்பற்றது' ஆகிவிடும்.

ஃபயர்ஃபொக்ஸில் இது கூடுதலாக வந்ததற்குக் காரணம், அது தனக்கென்று தனிச் சான்றிதழ்க் களஞ்சியம் வைத்திருப்பது. 2019 தொடக்கத்தில் ஃபயர்ஃபொக்ஸ் 65 வந்தபோது, அவாஸ்ட், ஏவிஜி பாவித்தவர்களுக்குத் தளங்கள் திறக்காததால் மொசில்லா அந்த வெளியீட்டைச் சிறிது நிறுத்தி வைத்தது. 68ஆம் பதிப்பு முதல், இப்படியொரு பிழை வந்தால் ஃபயர்ஃபொக்ஸ் தானாக விண்டோஸின் களஞ்சியத்தையும் பார்க்கிறது. அதற்குப் பிறகும் வந்தால், தொகுப்பில் எச்டிடிபிஎஸ் சோதனையை (சிலவற்றில் எஸ்எஸ்எல் சோதனை என்று இருக்கும்) நிறுத்தி, சேமித்து, பிரவுசரை முழுதாக மூடித் திறந்து, மறுபடி இயக்குங்கள். சான்றிதழ் திரும்பப் பதியப்படும். அவுட்லுக்கில் 993, 465 போர்ட்களில் (தரவு போய்வரும் எண் வாசல்கள்) சான்றிதழ் எச்சரிக்கை வந்தாலும் இதே வைத்தியம், இந்தத் தடவை மெயில் சோதனைப் பகுதியில்.

எங்கள் தீர்ப்பு வெளிப்படை: சின்ன அலுவலகத்தில் எச்டிடிபிஎஸ் சோதனையை நிறுத்தி வைப்பதே நல்லது. இறங்கும் கோப்பை டிஸ்க்கில் எழுதும்போது எப்படியும் சோதிக்கிறது. குறைந்த வலுவுள்ள செலரோன் கணினியில் ஃபைபரின் வேகத்தைத் தின்பதும் இதுதான்.

நெட் இருக்கிறது, பிரின்டர் இல்லை

அப்டேட்டில் டிரைவர் மாறும்போது விண்டோஸ் சில நேரம் அதே அலுவலக நெட்வேர்க்கைப் புதியதாக நினைத்து 'பப்ளிக்' என்று வகைப்படுத்திவிடும். இணையம் ஓடும், உள்ளூர் வேலைகள் நிற்கும். 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். தொகுப்புக்குத் தனி ஃபயர்வோல் இருந்தால் அதிலும் நம்பிக்கையான நெட்வேர்க் என்று குறியுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்று போதாது. திறந்திருக்க வேண்டிய போர்ட்கள்: பகிர்ந்த கோப்புறைக்கு 445, நெட்வேர்க் பிரின்டருக்கு 9100, கணக்கு மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வரில் ஓடினால் வழமையாக 1433. முழு ஃபயர்வோலையும் நிறுத்திவிட்டு 'சரியாகிவிட்டது' என்று போகும் திருத்துநர்கள் உண்டு. அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கழற்றுவது

மேலே சொன்னவை பலிக்காவிட்டால் முதலில் தொகுப்பிலேயே உள்ள 'ரிப்பேர்'. அதுவும் தோற்றால் கழற்ற வேண்டியதுதான். கொன்ட்ரோல் பெனல் வழியாகக் கழற்றினால் டிரைவர் எச்சங்கள் தங்கலாம். பல நிறுவனங்கள் தனி நீக்கி வைத்திருக்கின்றன: அவாஸ்ட் கிளியர், மெக்அஃபியின் எம்சிபிஆர், காஸ்பர்ஸ்கியின் கேஏவிரிமூவர் (kavremover), ஈசெட்டின் அன்இன்ஸ்டோலர். ஈசெட்டினதைச் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். நெட் இல்லாத கணினிக்கு இதைப் போனில் இறக்கி கேபிளால் மாற்றலாம். லைசன்ஸ் சாவியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான், விண்டோஸின் நெட் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்ப, கொமாண்ட் ப்ரொம்ப்ட்டில் நிர்வாகி உரிமையோடு 'நெட்ஷ் வின்சொக் ரீசெட்' (netsh winsock reset), தேவையானால் 'நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்' (netsh int ip reset). வரிசை முக்கியம்: கெட்ட டிரைவர் இருக்கும்போது இவற்றை ஓட்டினால் பயன் இல்லை. இரண்டாவது கட்டளை நிலையான ஐபி முகவரியை அழித்துவிடும். ஆகவே 'ஐபிகொன்ஃபிக்' கட்டளையின் முழு வெளியீட்டைப் (ipconfig /all) போனில் படம் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கணக்குக் கணினியின் முகவரி மாறி மற்ற எல்லாக் கணினியும் அதைத் தேடும். செட்டிங்ஸில் உள்ள 'நெட்வேர்க் ரீசெட்' கடைசிக்கும் கடைசி. அடப்டர்களைக் கழற்றி மறுபடி பூட்டும், வைஃபை கடவுச்சொற்களை மறக்கும், விபிஎன்னைத் திரும்பப் போட வைக்கும்.

எதை வைத்திருப்பது

விண்டோஸோடு வரும் டிஃபென்டர் எச்டிடிபிஎஸ் போக்குவரத்துக்குள் சான்றிதழ் நுழைப்பதில்லை, மூன்றாம் தரப்பு நெட்வேர்க் டிரைவரும் இல்லை. நாங்கள் சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை அதில் எழுவதே இல்லை. கட்டணத் தொகுப்பு வேண்டும் என்றால் ஃபயர்வோல், விபிஎன், மெயில் சோதனை எல்லாம் சேர்ந்த பெரிய பொதியை விட்டு, கோப்புச் சோதனை மட்டும் உள்ள அடிப்படைப் பதிப்பை எடுங்கள், விலையும் குறைவு. புதிய லெப்டொப்போடு வரும் சோதனைக் காலப் பிரதி ஒன்று இருக்க, கடையில் வாங்கிய இன்னொன்றை மேலே போடுவது நெட் சிக்கலை விலை கொடுத்து வாங்குவது. நீக்கியை ஓட்டி முன்னதை எடுத்த பிறகே பின்னது.

ஈசெட், காஸ்பர்ஸ்கி இரண்டிலும் வைரஸ் தரவை முந்திய நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு. ஈசெட்டின் வணிகப் பதிப்பில் அப்டேட்டைத் தாமதமாகப் பெறும் தெரிவும் உண்டு. வைரஸ் தரவைத் தானாக இறங்க விடுங்கள், பதிப்பு மாற்றத்தைக் 'கேட்டுச் செய்' என்று வையுங்கள். முதலில் ஒரு கணினியில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிரின்டரும் பகிர்ந்த கோப்புறையும் வங்கித் தளமும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். அந்த ஒன்று கணக்குக் கணினியாக இருக்கக் கூடாது. நாளும் வெள்ளி மாலையாக இருக்கக் கூடாது.