கையோடு பெயர்ந்து வந்த கைப்பிடி: குளியலறைக் கருவி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் வயதானவர்களோ நடமாடச் சிரமப்படுபவர்களோ இருக்கிறார்களா? அவர்கள் குளிப்பதற்காகக் கைப்பிடி, நாற்காலி என்று ஏதாவது வாங்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அம்மா வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். பக்கவாதம் வந்துபோன பிறகு அவர் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு கைதான்.

குளியலறையில் விழுந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்த பிறகுதான் சுவரில் மாட்டியிருந்த கைப்பிடிக் கம்பியைக் கவனித்தேன். அவர் பிடித்தது பிடித்தபடியே சுவரிலிருந்து பெயர்ந்து வந்திருந்தது. முனைத் தகட்டில் இரண்டு திருகுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லை. திருகைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பிளக். அதன்மேல் முகப்பவுடர் மாதிரி பூச்சுத் தூள். செங்கல் தூள் துளிகூட இல்லை. டைல்ஸையும் அதற்குப் பின்னால் இருந்த பூச்சையும் தாண்டி அந்தத் திருகு உள்ளே போகவே இல்லை. மூன்று வாரம் எங்கள் அம்மாவின் உடல் எடையை வெறும் சிமென்ட் பூச்சு தாங்கியிருக்கிறது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

நடந்தது இதுதான். குளியலறைப் பாதுகாப்புக்கென்று எல்லாவற்றையும் தாங்களே செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சுவரில் திருகும் கம்பி ஒன்று, துளையிடாமல் ஒட்டவைக்கும் கைப்பிடி ஒன்று, குளியல் நாற்காலி ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு தொகுப்பு. பொருத்திக் கொடுப்பது இலவசம். மனிதர் இருபது நிமிடம் இருந்தார். அறையின் நீள அகலத்தை அளந்தார், டைல்ஸின் நிறத்துக்கு எந்தக் கம்பி எடுப்பாக இருக்கும் என்று காட்டினார். அம்மா பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு வணக்கம் சொன்னதோடு சரி. எந்தப் பக்கம் பலவீனம், எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார், உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையே தொழிலாகச் செய்பவருக்குத் தெரியாததா என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பொருத்த வந்த ஆள் வேறு. அவர் கம்பியை நாற்காலிக்கு இடப்பக்கச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்கு இழுத்துக்கொண்டதும் இடப்பக்கம்தான். ஆகவே எழுந்திருக்கும்போதெல்லாம் வலக்கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, உடம்பைத் திருகிக்கொண்டு அந்தக் கம்பியை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடிக்கும்போது எடை கீழ்நோக்கி இறங்குவதில்லை. கம்பியைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கிறது. அரைகுறையாக இறங்கிய திருகு அந்த இழுப்பை எத்தனை நாள் தாங்கும்?

கம்பியில் ‘150 கிலோ தாங்கும்’ என்று பளபளவென ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அந்த எண்ணை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம். அது கம்பிக்குரிய எண். சுவர் தாங்குமா, திருகு தாங்குமா என்பது வேறு கணக்கு. அமெரிக்காவில் பொது இடங்களுக்கென்று 2010-இல் வெளியிட்ட அணுகல் விதிகள், 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைக் கம்பியும் திருகும் பொருத்தும் தகடும் பின்னால் இருக்கும் சுவரும் தாங்க வேண்டும் என்கின்றன. நான்கையும் சேர்த்துச் சொல்லியிருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்களிடம் ஒருவர் கிலோக் கணக்கு சொன்னால், இந்தச் சுவரில் பொருத்திய பிறகும் அதே கணக்குதானா என்று கேளுங்கள். டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் பின்னால் பிடிப்பு இல்லை. பலகைத் தடுப்புச் சுவராக இருந்தால் உள்ளே கட்டை கொடுத்துத்தான் கம்பியைப் பொருத்த வேண்டும்.

துளையிடாமல் ஒட்டும் கைப்பிடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரப்பர் கிண்ணத்தைச் சுவரில் அழுத்தி நெம்புகோலை மடக்கினால் காற்று வெளியேறிப் பிடித்துக்கொள்ளும். பிடித்திருந்தால் பச்சை, தளர்ந்தால் சிவப்பு காட்டும். ஒருநாள் காலை விளக்கைப் போட்டபோது அது சிவப்பாக இருந்தது. முந்தைய இரவு பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின்மேல் கிண்ணத்தின் விளிம்பு படிந்திருந்தால் அந்த வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய்விடும். சொரசொரப்பான டைல்ஸிலும் அப்படித்தான். நிற்பவர் தடுமாறாமல் இருக்க லேசாகத் தொட்டுக்கொள்ளத்தான் அது உதவும். உடம்பின் பாரத்தை அதன்மேல் போடக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்த தாளிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை.

நாற்காலிக்குக் கை இல்லை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இல்லை. அம்மா குள்ளம், பாதம் முழுதாகத் தரையில் படாமல் நுனிக்காலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கால்களின் அடியில் ரப்பருக்குப் பதிலாக வழுவழு பிளாஸ்டிக்.

புகார் சொன்னபோது வந்த பதில்கள்தான் என்னை அதிகம் கொதிக்கவைத்தன. பயன்படுத்திய குளியல் பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற முடியாதாம். உத்தரவாதம் கம்பி துருப்பிடித்தால் மட்டும்தானாம். பொருத்தியவர் வெளியாளாம். ரசீதை எடுத்துப் பார்த்தேன். பொருத்தும் வேலை இலவசம் என்பதால் அதில் அந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இலவசம் என்று சொன்னதன் உள்நோக்கம் அப்போதுதான் புரிந்தது. பொருத்துவதற்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். யார் செய்தார், எந்த அளவு திருகு, எத்தனை ஆழம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இதோடு நிற்கவில்லை. கூடுதல் பணம் கட்டினால் பழையதைக் கழித்துக்கொண்டு, கதவு வைத்த குளியல் தொட்டி தருகிறோம் என்றார்கள். அம்மா மாவுக்கட்டோடு இருக்கும்போது! அந்தத் தொட்டியின் உள்ளே போய் உட்கார்ந்து கதவை மூடிய பிறகுதான் நீரைத் திறக்க முடியும். நிரம்பும்வரை உடையில்லாமல் குளிரில் காத்திருக்க வேண்டும். குளித்த பிறகு முழுவதும் வடியும்வரை ஈரத்தோடு மறுபடியும் காத்திருக்க வேண்டும். கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால், நடுவில் மயக்கம் வந்தால்கூட நீர் வடியாமல் திறக்க முடியாது. இதெல்லாம் ஒத்துவருபவர்களும் இருக்கலாம். அம்மாவுக்கு வராது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். தரை காய்ந்திருக்கும்போது, முழு உடையோடு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எழச் சொன்னார். ஐந்தாறு முறை. அம்மாவின் வலக்கை தானாக எங்கே போய்ச் சுவரைத் தேடுகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எனக்குக் கண்கள் கலங்கிவிட்டன. ஒரு சாக்பீஸ் கோடு, அவ்வளவுதான். அதை விற்பனையாளர் முதல் நாளே செய்திருக்கலாம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 4 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம், கை வழுக்கினால் முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும் என்றும் அவர்தான் சொன்னார். அப்படியே வெந்நீரையும் சோதித்தார். 60 டிகிரி செல்சியஸ் நீர் ஐந்தாறு விநாடியில் தோலை வேகவைத்துவிடும். 49 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். சட்டென்று எழுந்து விலக முடியாதவருக்கு அந்த நிமிடங்கள் உயிருக்குச் சமம். இப்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு மாட்டியிருக்கிறோம்.

புதுக் கம்பியைக் கொத்தனார் செங்கல்வரை துளைபோட்டு மாட்டினார். துளையிலிருந்து சிவப்புத் தூள் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மாட்டி முடித்ததும், நான் கேட்காமலேயே, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துத் தன் முழு எடையையும் பின்னுக்குச் சாய்த்து இழுத்தார். கம்பி அசையவில்லை. உங்கள் வீட்டில் பொருத்த வருபவரையும் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.