இணைய மருத்துவ ஆலோசனைக்குப் பணம் கட்டுமுன் மருத்துவரின் பெயரைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் கைப்பேசிச் செயலி வழியாக மருத்துவ ஆலோசனை பெறுவோர், குறிப்பாகப் பெற்றோருக்காக அதில் பதிவு செய்து கொடுக்கும் பிள்ளைகள், என் அம்மாவுக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அந்தச் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அதற்காக எனலாப்ரில் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் அவருக்கு வறட்டு இருமல் வந்து விடாமல் நீடித்தது. முழங்கால் வலியோடு அவரை அலையவைக்க வேண்டாம் என்று ஒரு செயலியில் பதிவு செய்தோம். மருத்துவர் காணொளியில் பார்ப்பார் என்று விளம்பரம் சொன்னது. வந்ததோ குரல் அழைப்பு. பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கிறதா, எத்தனை நாளாக இருமல் என்று மட்டும் கேட்டார். "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன் டாக்டர்" என்று அம்மா தாமாகவே சொல்லத் தொடங்கியபோது, மருந்து வீட்டுக்கு வரும் என்று கூறி அழைப்பை முடித்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

வந்த பொட்டலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றும், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் இருந்தன. மூக்கடைப்பை நீக்கும் அந்த மருந்து இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. அம்மாவுக்கு மூக்கடைப்பே இல்லை. தலை கனக்கிறது என்று அவர் சொன்னதும் வீட்டுக் கருவியில் பார்த்தோம், அழுத்தம் வழக்கத்தைவிட மிகவும் ஏறியிருந்தது. உடனே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டதே, "என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்பதுதான். வறட்டு இருமல் எனலாப்ரில் வகை மருந்துகளுக்கு நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு என்று விளக்கி, அதை நிறுத்தி லோசார்ட்டன் என்ற வேறு இரத்த அழுத்த மருந்துக்கு மாற்றினார். அடுத்த சில வாரங்களில் இருமல் அடங்கியது. அந்த ஒரு கேள்வியைச் செயலியில் பேசியவரும் கேட்டிருக்கலாம் என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தொலைமருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. நடக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அது பெரிய உதவி. அதற்குச் சட்டமும் இருக்கிறது. சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ், 2023 ஜூன் முதல், வெளிநோயாளிகளுக்குத் தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் மருந்தகம் அதற்கென்றே சுகாதார அமைச்சின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். நேரில் பார்ப்பதற்கு இணையான தரத்தில் கவனிக்க மருத்துவர் முயல வேண்டும் என்கிறது, மருத்துவர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைக் கோவை. ஒரு நிமிடமும் நீடிக்காத ஆலோசனைகள் வெளிச்சத்துக்கு வந்ததால், 2024 டிசம்பரில் ஒரு தொலைமருத்துவ மருந்தகத்தின் உரிமத்தையே அமைச்சு ரத்து செய்து, அதன் மருத்துவர்கள் 41 பேரை மன்றத்தின் விசாரணைக்கு அனுப்பியது. அதற்குப் பிறகும் இப்படி நடக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

நான் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மருந்து கொடுத்தாகிவிட்டதால் முடியாது என்றார்கள். மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டதற்கு, "எங்கள் மருத்துவக் குழு" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. அதன் விளைவு சிறியதன்று. மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்க வேண்டுமென்றால் எந்த மருத்துவர் மீது என்று சொல்லியாக வேண்டும்; பெயர் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. செயலி வெறும் இடைத்தரகராக இருக்கலாம், உரிமமும் பொறுப்பும் அதன் பின்னால் இருக்கும் மருந்தகத்தினுடையவை. ஆகவே சுகாதார அமைச்சுக்கே எழுதினேன். கட்டணத்துக்காகப் பயனீட்டாளர் சங்கத்தை நாடியிருக்கிறேன்.

பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: உரிமம் பெற்ற மருந்தகம் எது, பேசப்போகும் மருத்துவர் யார். பெயர் கிடைத்தால் மருத்துவ மன்றத்தின் இணையத்தளப் பதிவேட்டில் உடனே தேடிப் பார்க்கலாம். சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெற்றோர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை, கேட்காவிட்டாலும், முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் மருந்து உறை, ரசீது, உரையாடலின் திரைப்பிடிப்பு ஆகியவற்றைச் செயலியை நீக்குமுன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் புகாரோடு நான் இணைக்க முடிந்தவை அவை மட்டுமே.